உலர்நீச்சலில் முதல் பரிசு

அந்தக் கோடை முகாமில் ஒரு கால்பந்து இருந்தது. அதை ஒரே ஒருவர்தான் உதைத்திருக்கிறார், முகாமின் நிறுவனர். அவர் உதைத்துவிட்டார் என்பதாலேயே இனி யாரும் அதை உதைக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், நீல வெல்வெட் துணியின் மேல், ஒரு பக்கம் ஒடுங்கிப்போய், நாலு நாள் பட்டினி கிடந்தவர் முகம் மாதிரி அது உட்கார்ந்திருந்தது.

வந்த முதல் நாள் பிள்ளைகளோடு பிள்ளையாக வரிசையில் நின்று அதைப் பார்த்த போர்டுக்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "கொஞ்சம் காத்து அடிச்சா நல்லாயிருக்குமே" என்று சொல்லிவிட்டார்.

வரிசைக்கு முன்னால் சுற்றிக் காட்டிக்கொண்டு போன முகாமின் வரலாற்று அலுவலரம்மா நின்ற இடத்திலேயே திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, பந்து கொஞ்சம் சொங்கிப்போயிருக்கு. அதான்..."

"உள்ள இருக்கிறது சாதாரணக் காத்துன்னு நெனச்சீங்களா? நிறுவனர் தன் வாயாலயே ஊதின மூச்சு! அவர் போய்ச் சேர்ந்துட்டார், மூச்சு மட்டும் நம்மகிட்ட இருக்கு. அதுல போய் நீங்க பம்பை வைப்பீங்களா?"

வைக்க மாட்டேன் என்று போர்டுக்காரர் தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மகள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, ஏரி எங்கப்பா?" என்றாள். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

போர்டுக்காரர் என்றால் விளம்பரப் பலகை எழுதுகிறவர். ஊரில் சலூன், மருந்துக் கடை, டைப்பிங் வகுப்பு, பல் டாக்டர், எந்த வாசலில் நிமிர்ந்து பார்த்தாலும் அவர் கையெழுத்துதான் தொங்கும். மகளுக்குச் செல்லப் பெயர் வாத்து. தண்ணீரைக் கண்டால் விடாது என்பதால் வந்த பெயர். வீட்டில் இருந்ததோ ஒரு வாளியும் ஒரு குவளையும். அதனால் வாத்து கட்டிலில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்து நீந்துவாள். தலையணை ஒரு பக்கம் போகும், போர்வை ஒரு பக்கம் போகும், கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். வருடம் முழுக்க இதே கூத்து.

அப்பாவின் கதை நேர்மாறு. அவருக்குத் தண்ணீர் என்றாலே உதறல். தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார், தண்ணீர் என்ன செய்கிறது என்று கண்காணிக்க. சோப்பு எரிந்தாலும் பரவாயில்லை, அந்தக் கண் மூடாது. "அப்பனைப் பாத்துப் பொண்ணும் பயந்தாங்கொள்ளியா வளரக் கூடாது. இந்த லீவுல அவ நீச்சல் கத்துக்கிட்டுத்தான் வரணும், சொல்லிட்டேன்" என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

முகாமைப் பற்றிய விளம்பரத்தைப் பேருந்து நிலையச் சுவரில் எழுதியதும் இவர்தான். 'ஏரி, படகு, பந்து, ஊஞ்சல், ஏறுசுவர்: எல்லா வசதிகளும் உண்டு' என்று பெரிதாக எழுதினார். தன் கையால் எழுதியதைத் தானே நம்பாமல் இருப்பாரா? முகாமுக்கே ஒரு போர்டுக்காரர் வேண்டும், கோடை முழுக்கத் தங்கி எழுத வேண்டும், வேலை செய்கிறவரின் பிள்ளை முகாமில் சேர்ந்துகொள்ளலாம் என்று அலுவலரம்மா சொன்னதும், கரும்பு தின்னக் கூலியா என்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. எல்லா வசதிகளும் உண்டு. உண்டு என்றுதான் எழுதியிருந்தது. பிள்ளைகளுக்கு உண்டு என்று எழுதவில்லையே!

படகு ஒரு மண்டபத்தில் இருந்தது. ஏரியில் விட்டால் நனைந்துவிடும் என்பதால் அது வந்த நாளிலிருந்து கரையிலேயே வைத்து வார்னிஷ் அடித்துக் காப்பாற்றி வந்தார்கள். ஊஞ்சல் இருந்தது, காற்று வந்து ஆட்டிவிடாதபடி இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஏறுசுவருக்கு வந்தபோது அலுவலரம்மா குரலைத் தாழ்த்தினார். நிறுவனர் இந்தச் சுவரில் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, இறங்கிவிட்டாராம்.

"அதனால கீழ்ப்பாதி மட்டும்தான் வரலாறு. அதைத் தொடக் கூடாது. மேல்பாதியில நீங்க தாராளமா ஏறலாம், பிள்ளைங்களா."

"கீழ்ப்பாதியைத் தொடாம மேல்பாதிக்கு எப்படிங்கம்மா போறது?" என்று போர்டுக்காரர் கேட்டார்.

"அது அவங்கவங்க திறமை" என்றார் அலுவலரம்மா.

கடைசியில் கூட்ட அரங்குக்கு வந்தார்கள். சுவரில் ஆள் உயரப் பித்தளைத் தகடு. நிறுவனர் சாகும்போது சொன்ன கடைசி வார்த்தைகளை அதில் செதுக்கியிருந்தார்கள்: 'குழந்தைகளைத் தண்ணீரில் விடுங்கள்.' தினமும் காலையில் எல்லாரும் நெஞ்சில் கையை வைத்து அதை ஒரு குரலாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தகட்டைப் பாலிஷ் போட்டுத் துடைப்பார்கள். அத்தோடு காலைக் கடமை முடிந்தது.

வாத்து கையைத் தூக்கினாள். "எங்களை எப்பத் தண்ணியில விடுவீங்க?"

அலுவலரம்மாவுக்குக் கோபமே வரவில்லை. ஆசையோடு அவள் தலையைத் தடவினார். "அதுக்குத்தான் ஆய்வுக் குழு போட்டிருக்கோம், கண்ணு. அவர் சொன்ன தண்ணீர்னா அறிவுன்னு ஒரு கட்சி. இல்ல, ஒழுக்கம்னு ஒரு கட்சி. தண்ணீர்னா தண்ணிதான்னு ஒருத்தர் சொன்னார். அவரைக் குழுவுலேருந்து நீக்கிட்டோம்."

போர்டுக்காரரின் வேலை மறுநாளே ஆரம்பித்தது. தகரத்தில் வெள்ளை அடித்து, நூல் பிடித்து, சாக்பீஸால் எழுத்துக் கட்டி, எனாமல் பெயிண்டில் எழுதி மாட்ட வேண்டும். முதல் பலகை 'உணவுக்கூடம்'. எழுத்தில் ஒரு பிசிறு இல்லை. மாட்டியதில்தான் கோளாறு. புது இடம், எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. மனிதர் அதைச் சைக்கிள் கொட்டகையில் மாட்டிவிட்டார்.

முகாமில் எந்தப் பலகையையும் சும்மா மாட்டிவிட முடியாது. திரை போட்டு மூடி, முகாம் தலைவர் வந்து திரையை விலக்கி, எழுதியிருப்பதை உரக்கப் படிக்க, எல்லாரும் நெஞ்சில் கையை வைத்துத் திருப்பிச் சொல்ல, அலுவலரம்மா மணி அடிப்பார். மணி அடித்துவிட்டால் பலகை திறந்தாயிற்று, அதுவும் வரலாற்றில் சேர்ந்தாயிற்று. தலைவர் என்பவர் நிறுவனரின் மருமகன். மாமனார் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைப்பதற்கென்றே மேல்பையில் ஒரு கைக்குட்டை இஸ்திரி கலையாமல் இருக்கும்.

அவர் சைக்கிள் கொட்டகை வாசலில் நின்று திரையை விலக்கி, "உணவுக்கூடம்" என்று கம்பீரமாகப் படித்தார். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் போர்டுக்காரருக்கு உள்ளே நிற்கும் சைக்கிள்கள் கண்ணில் பட்டன. ஓடிப்போய் அலுவலரம்மாவிடம், "தப்பு நடந்துபோச்சும்மா, இதோ ரெண்டு நிமிஷத்துல கழட்டி அங்க மாட்டிடறேன்" என்றார்.

"எதைக் கழட்டுவீங்க?"

"பலகையை."

"திறந்த பலகை திறந்ததுதான்" என்றார் அலுவலரம்மா. "பலகையை மாத்துறது வரலாற்றை மாத்துறதுக்குச் சமம். சாப்பாட்டை மாத்துறது அப்படியா? தூக்கினா வந்துடும்."

அன்று மத்தியானத்திலிருந்து பிள்ளைகள் சைக்கிள் கொட்டகையில் சாப்பிட்டார்கள். தட்டை வைக்க இடமில்லாமல் சைக்கிள் சீட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சைக்கிள்கள் மேசை விரிப்புப் போட்ட பழைய உணவுக்கூடத்தில் சௌகரியமாக நின்றன. சமையல்காரர் மட்டும் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் போர்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் குழம்பைவிடக் காரம் அதிகம்.

நீச்சல் வகுப்பு இல்லாமல் இல்லை. அதற்கென்று ஒரு மாஸ்டரே இருந்தார். அகன்ற தோள், கழுத்தில் விசில். ஒரு காலத்தில் போட்டிகளில் நீந்தி ஜெயித்தவர் என்று பேச்சு. வகுப்பு நடந்தது புல்வெளியில். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஆளுக்கொரு பெஞ்சில் பிள்ளைகளைக் குப்புறப் படுக்க வைத்து, கையை வீசு, காலை அடி, மூச்சை விடு என்று விசில் அடிப்பார். இதற்கு உலர்நீச்சல் என்று பெயர். இடது பக்கம் திரும்பினால் ஏரி தெரியும் என்பதால் வலது பக்கம் மட்டும் திரும்பி மூச்சு விடச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாள் வகுப்பு நடுவில் மழை வந்தது. மாஸ்டர் நீளமாக ஒரு விசில் ஊதி, "எல்லாரும் உள்ள ஓடுங்க! நீச்சல் ரத்து! நனைஞ்சிடுவீங்க!" என்று கத்தினார். கத்திவிட்டு அவர் மட்டும் புல்வெளியிலேயே நின்று முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பலகை எழுதும் கொட்டகையிலிருந்து இதைப் பார்த்த போர்டுக்காரருக்கு என்னவோ போலிருந்தது. பாவம் மனுஷன், என்று நினைத்துக்கொண்டார்.

நாளாக ஆகப் பலகை வேலை குறையும் என்று நினைத்திருந்தார். எங்கே குறைந்தது? அலுவலரம்மா போகிற பக்கமெல்லாம் வரலாறு உண்டாகிக்கொண்டே போயிற்று. ஒரு குட்டிப் பையனுக்கு மாடிப்படியில் பல் விழுந்தது. இந்தப் படியில் விழுந்த முதல் பல் என்று விசாரணையில் தெரிய வந்ததும் படிக்குக் கயிறு கட்டிவிட்டார்கள். மாடியில்தான் படுக்கைகள். அதனால் படுக்கைகள் மேலே தூங்கின, பிள்ளைகள் கீழே தாழ்வாரத்தில் தூங்கினார்கள். பல்லைத் தேடி எடுத்துப் பஞ்சில் வைத்துப் பெட்டியில் போட்டார்கள். அந்தப் பையன் அதைக் காட்டிக் காட்டி மற்ற பிள்ளைகளிடம் மிட்டாய் வாங்கித் தின்றான்.

பிறகு தலைவர் ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் அவருக்கு வயிறு சரியில்லை. பிள்ளைகளின் கழிப்பறைப் பக்கம் விரைந்து போனார். திரும்பி வரும்போது வாசலில் அலுவலரம்மா கையில் கயிற்றோடு காத்திருந்தார். தலைவரே கொஞ்சம் கூச்சப்பட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். "நீங்க தன்னடக்கத்துல சொல்றீங்க. வருங்காலம் எங்களை மன்னிக்காது" என்று சொல்லிக் கயிறு கட்டப்பட்டது. 'தலைவர் அமர்ந்து சிந்தித்த இடம்' என்று போர்டுக்காரர் எழுதினார். சிரிப்பை அடக்கியதில் அந்தச் 'சி' மட்டும் கொஞ்சம் நெளிந்துபோயிற்று.

சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஒரு மாலை வாத்து பலகைக் கொட்டகைக்கு வந்தாள். கழுத்தில் பதக்கம் தொங்கியது, உலர்நீச்சலில் முதல் பரிசு. வருடம் முழுக்கக் கட்டிலில் பழகியவளாயிற்றே, பெஞ்சில் அவளை அடிக்க ஆள் ஏது! ஆனால் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

"எம்மாடி! முதல் பரிசா!" என்று போர்டுக்காரர் எழுந்தார்.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லப்பா" என்றாள் வாத்து. காய்ந்துகொண்டிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தொடாதீர்கள். ஏறாதீர்கள். ஆடாதீர்கள். "இதெல்லாம் நீங்கதான் எழுதுறீங்களா?"

"வேலைம்மா. சொல்றதை எழுதறேன்."

"படியை நீங்கதான் மூடினீங்களா? ஊஞ்சலையும் நீங்கதானா?"

தன் பிரஷ் தன் மகளையே வெளியில் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறது என்று அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அன்று பார்த்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, புள்ள தண்ணியில இறங்கிட்டாளா?" என்று கேட்டாள். "முதல் பரிசே வாங்கிட்டா" என்றார் அவர். மனைவி சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்வது போனிலேயே கேட்டது. பொய் சொல்லவில்லை, ஆனாலும் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அலுவலரம்மா உற்சாகமாக வந்தார். ஏரி மட்டும் இத்தனை நாள் பலகை இல்லாமல் கிடந்ததற்குக் காரணம், நிறுவனர் எந்த இடத்தில் குதித்தார் என்று குழுவுக்குள் நடந்த சண்டை. பாறைக்கு இந்தப் பக்கம் என்று சிலர், அந்தப் பக்கம் என்று சிலர். இப்போது சமரசம் ஆகிவிட்டது: ஏரி முழுவதையுமே மூடிவிடுவது.

"நிறுவனர் நாள் விழாவுக்குத் திறக்கணும். 'நிறுவனர் குதித்த ஏரி. இறங்காதீர்கள்.' நல்லாப் பெரிசா எழுதுங்க. விருந்தாளிங்க வர்றாங்க."

"முழு ஏரியுமாம்மா? ஒரு ஓரமாவது பிள்ளைங்களுக்கு..."

"ஓரம்தான் எந்த ஓரம்னு தெரியலையே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரிக்கரையில் கம்பம் நட மாஸ்டரை உதவிக்கு அனுப்பியிருந்தார்கள். கம்பத்தைத் தண்ணீருக்குள் கொஞ்சம் தள்ளி நட வேண்டும். போர்டுக்காரர் கரையில் உலர்ந்த கல்லாகப் பார்த்து நின்றுகொண்டார். மாஸ்டர் விசிலோடு உள்ளே இறங்கினார். கம்பத்தை நட்டு முடித்த பிறகும் வெளியே வராமல் அங்கேயே நின்றார்.

"ஆழமா மாஸ்டர்?"

"ஆழமா? அந்தப் பாறை வரைக்கும் பிள்ளைங்களுக்கு இடுப்பளவுதான். அடியில நல்ல மணல். இதைவிட நல்ல இடம் எங்கயும் கிடைக்காது." அவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளினார். "நீச்சல் சொல்லித் தரத்தான்யா இங்க வேலைக்கு வந்தேன். இன்னிக்கு இந்தக் கம்பம் புண்ணியத்துல கால் நனைஞ்சுது."

போர்டுக்காரர் கொட்டகைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தார். வெள்ளை காய்ந்துவிட்டது, நூல் பிடித்தாயிற்று. பிரஷைத் தோய்த்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். வாத்து எதிரில் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சாப்பாட்டை சைக்கிள் கொட்டகைக்கு மாத்தினது நீங்கதானாமே? சமையல் மாமா சொன்னாரு."

"நான் எங்கம்மா மாத்தினேன்? பலகை தப்பா மாட்டிட்டேன். அவங்கதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். திறந்த பலகை திறந்ததுதான். தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. தலைவர் பலகையை முன்கூட்டிப் பார்ப்பதில்லை, திரை விலகிய பிறகு எழுதியிருப்பதை அப்படியே உரக்கப் படிப்பதோடு சரி. அலுவலரம்மா பார்ப்பது திரையில் சுருக்கம் இருக்கிறதா என்று மட்டும்.

பயம் இல்லாமல் இல்லை. வேலை போனாலும் போகும். போனால் என்ன, ஊரில் எத்தனை பல் டாக்டர்கள் இருக்கிறார்கள்! வரி போட ஆரம்பித்தார். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது பலகையின் கீழே ஒரு சாண் இடம் வெறுமையாகக் கிடந்தது. பலகை எழுதுகிறவனுக்கு வெறும் இடம் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. விட்டுவிட்டுப் போகக் கை வராது. யோசிக்காமல் இன்னொரு வரியையும் இழுத்துச் சேர்த்தார். நல்ல சிவப்பில், எழுத்துக்கு நிழல் கொடுத்து.

நிறுவனர் நாள் காலையில் ஏரிக்கரையில் நாற்காலிகள் போட்டு, விருந்தாளிகள் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் நீச்சல் உடையில் வரிசையாக, பெஞ்சுகளுக்குப் பக்கத்தில், உலர்நீச்சல் காட்டத் தயாராக நின்றார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஏரியை எத்தனையோ வருஷமா நான் கட்டிக் காத்துட்டு வர்றேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட மூழ்கினதில்ல. ஏன்? ஒருத்தரையும் இறங்க விட்டதில்ல. அதுக்குப் பேர்தான் நிர்வாகம்!" கைதட்டல். "மத்த முகாம்களைப் போய்ப் பாருங்க. பந்து கிழிஞ்சிருக்கும். ஊஞ்சல் கயிறு தேஞ்சிருக்கும். படகுல பாசி பிடிச்சிருக்கும். காரணம் என்ன? பிள்ளைங்களை உள்ள விட்டுட்டாங்க! நம்ம முகாம்ல எல்லாமே அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. பிள்ளைங்களால நமக்கு ஒரு சேதமும் இல்ல." இன்னும் பலத்த கைதட்டல். தலைவர் கைக்குட்டையை எடுத்தார். "என் மாமனார் கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன வார்த்தை உங்களுக்கே தெரியும். அதைக் கேட்ட உடனே நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பித்தளைக்கு ஆர்டர் குடுத்தேன். சொன்னதைச் செய்யறதுக்கு யார் வேணா இருப்பாங்க. செதுக்கி வைக்கறதுக்கு ஒரு மருமகன் வேணும்!"

விருந்தாளிகளில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அலுவலரம்மா மணியோடு கம்பத்துக்கு நேரே கரையில் நின்றார். போர்டுக்காரர் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றார். ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்குமே.

தலைவர் கரையிலிருந்தே கயிற்றை இழுக்க, திரை விலகியது. கூட்டத்தைப் பார்த்து ஒரு புன்னகை, பலகையைப் பார்த்து ஒரு செருமல். முதல் வரியைப் படித்தார்:

"குழந்தைகளைத் தண்ணீரில் விடுங்கள்."

தினமும் சொல்லி வாய் பழகிய வரி. எல்லாரும் நெஞ்சில் கையை வைத்துக் கணீரென்று திருப்பிச் சொன்னார்கள். தலைவர் அந்த வேகத்திலேயே இரண்டாவது வரிக்குப் போனார்:

"இந்தக் கரைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் இறங்கி நீந்தியே ஆக வேண்டும்."

அதையும் எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். அலுவலரம்மாவின் கை பழக்க தோஷத்தில் மணியை அடித்துவிட்டது. டங்.

தலைவர் பலகையை இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். உதடு அசைவதிலிருந்து எந்த வார்த்தையில் இருக்கிறார் என்று தெரிந்தது. அலுவலரம்மாவுக்குப் பேயறைந்த முகம்.

மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அம்மா, மணி அடிச்சாச்சு இல்ல?"

"அடிச்சாச்சு" என்றார் அலுவலரம்மா, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி.

"அப்போ திறந்தாச்சு?"

அலுவலரம்மா தலைவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கையிலிருந்த மணியைப் பார்த்தார். ஒரு ஆயுசு முழுக்க எதை நம்பி வாழ்ந்தாரோ அது அவரைக் கைவிடவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. "திறந்த பலகை திறந்ததுதான்" என்றார்.

மாஸ்டர் பேன்ட், சட்டை, விசிலோடு குதித்தார். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்த குதிப்பு அது. தெறித்த தண்ணீரில் முதல் வரிசை விருந்தாளிகள் பாதி நனைந்தார்கள். உள்ளிருந்து அவர் விசிலை ஊதியபோது சத்தத்துக்குப் பதில் தண்ணீர் வந்தது. அது போதுமே! பிள்ளைகள் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு ஓ என்று பாய்ந்தார்கள்.

உலர்நீச்சலில் முதல் பரிசு வாங்கிய வாத்துதான் முதலில் மூழ்கினாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? பெஞ்சில் கற்ற அத்தனையும் செய்தாள், அத்தனையும் அவளைக் கீழேதான் இழுத்தன. மரத்துக்குப் பின்னாலிருந்து போர்டுக்காரர், "ஐயோ, என் பொண்ணு!" என்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடி வருவதற்குள், இடுப்பளவு தண்ணீரில் அவளே எழுந்து நின்று இருமித் துப்பினாள். துப்பிவிட்டுச் சிரித்தாள். மாஸ்டர் வந்து வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். "பெஞ்சை மறந்துடு. தண்ணி உன்னைத் தூக்கும், விடு" என்றார். கொஞ்ச நேரத்தில் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். வாத்து மிதந்தாள்.

"அப்பா! ஈரமா இருக்குப்பா!" என்று கத்தினாள். "நிஜமாவே ஈரமா இருக்கு!"

போர்டுக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்றைக்கு மனைவியிடம் தெம்பாக போனில் பேசலாம் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்குள் கரையில் விருந்தாளிகள் ஷூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். யாராக இருந்தாலும் என்று தங்கள் வாயாலேயே சொல்லியிருக்கிறார்களே. வெயிலும் கொளுத்தியது. தலைவர் கோட்டோடு முழங்கால் வரை இறங்கி, கைக்குட்டை நனையாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் முகம் சுளித்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுளிப்பு போயிற்று. திடீரென்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அம்மா! நம்ம முகாம் வரலாற்றுல இன்னிக்குத்தான் பிள்ளைங்க முதல் தடவையா ஏரியில நீந்தறாங்க! இது எவ்வளவு பெரிய வரலாறு! உடனே கயிறு கொண்டு வரச் சொல்லுங்க. எல்லாரையும் கரையேத்துங்க. யோவ் போர்டு! 'இங்கே குழந்தைகள் நீந்தினார்கள், இனி இறங்காதீர்கள்'னு ஒரு பலகை எழுதுய்யா!"

"எழுதிடலாங்கய்யா" என்றார் போர்டுக்காரர் பணிவாக. "எங்க மாட்டறது?"

"இந்தக் கம்பத்துலதான்!"

"அப்போ இருக்கிற பலகையைக் கழட்டணும்."

தலைவர் அலுவலரம்மாவைப் பார்த்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் ஆழத்தில் நின்றிருந்த அலுவலரம்மா, கால் விரல்களுக்கு நடுவில் மணல் நழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே தலையை இடமும் வலமும் ஆட்டினார். தலைவர் யோசித்தார். ஒரு வழியும் தெரியவில்லை. கைக்குட்டையை மேல்பையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டடி உள்ளே போனார்.

ஜெயித்த சந்தோஷத்தில் போர்டுக்காரர் கொட்டகையைப் பார்த்துக் கிளம்பினார்.

"அப்பா, எங்க போறீங்க?" வாத்துதான்.

"பெயிண்ட் டப்பா திறந்து கிடக்கும்மா. காஞ்சிடும். மூடிட்டு வர்றேன்."

வாத்து தண்ணீரிலிருந்து கையை நீட்டிப் பலகையின் கீழ் வரியைக் காட்டினாள். சிவப்பு எழுத்து, நிழல் கொடுத்தது. "சத்தமாப் படிங்க."

"அது... வந்து... விருந்தாளிங்களுக்காக எழுதினதும்மா."

பிள்ளைகள் எல்லாரும் தண்ணீருக்குள் நின்றபடியே ஈரக் கையை நெஞ்சில் வைத்து ஒரே குரலில் சொன்னார்கள்: "இந்தக் கரைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் இறங்கி நீந்தியே ஆக வேண்டும்."

அந்த ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டிருக்கக் கூடாதா! தன் கையை ஒருமுறை முறைத்துப் பார்த்தார் போர்டுக்காரர். செருப்பைக் கழற்றினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் செருப்பின் மேல் பத்திரமாக வைத்தார். ஒரு கண்ணை இறுக மூடி, இன்னொன்றை அகலத் திறந்து, தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டே ஒரு காலை வைத்தார். அப்புறம் இன்னொரு காலை. வாத்து நீந்தி வந்து, நிஜமாகவே நீந்தி வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கண்ணையும் மூடுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

மூடிக்கொண்டார்.